குடு இங்க

ஞானபாக்கியத்துக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூன்று பேரும் சேர்ந்துதான் அவளைக் கைவேலை டீச்சர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க வைத்தார்கள்.

விண்ணப்பிக்க வைத்தார்கள் என்றால் புத்தி சொல்லி அனுப்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. விண்ணப்பத்தை எழுதியவள் சுந்தரம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் டெலிபோன் ஆபரேட்டர். குரலும் பெரிசு, எழுத்தும் பெரிசு. உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தவள் அங்காளம்மாள். ஒட்டிய தபால்தலை ஒரு நூல் கோணலாக இருக்கிறதென்று பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினாள். பழைய சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து இணைத்தவள் அழகுத்தாய். ஞானபாக்கியத்தின் சர்டிபிகேட் அழகுத்தாய் பெட்டியில் ஏன் இருந்தது என்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஞானபாக்கியம் கையெழுத்து மட்டும் போட்டாள். அதையும் எந்த இடத்தில் போட வேண்டும் என்று சுந்தரம்மாள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

அந்த சர்டிபிகேட் 1968ஆம் வருஷத்தது. கைத்தொழிலில் முதல் பரிசு. அந்த வருஷம் ஞானபாக்கியத்தின் தையல் நோட்டில் பொத்தான் காஜாவை அழகுத்தாய் எடுத்தாள், பூவேலையை அங்காளம்மாள் போட்டாள், கிழிசல் தைத்துக் காட்டுவதை சுந்தரம்மாள் செய்தாள். மூன்று பேரின் நல்ல வேலையும் ஒரே நோட்டில் சேர்ந்ததால் அது வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டது. அவரவர் நோட்டுக்கு அவரவர் ஒருத்திதானே. பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பாவை ஞானபாக்கியம் இன்னும் வைத்திருக்கிறாள். அதைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ராஜபாளையத்தில் மூத்த அண்ணன் ராஜரத்தினம் வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அடுப்படிக்குப் போனால் மதினி, "நீ ஏன் தாயி சங்கடப்படுற, போய் உக்காரு" என்பாள். துணி துவைக்க உட்கார்ந்தால் வாளி கைமாறிவிடும். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை மூத்த அண்ணன் இளைய அண்ணனிடமும், இளைய அண்ணன் கர்த்தரிடமும் ஒப்படைத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. மூவரும் நல்லவர்கள் என்பதால் அவளால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

பள்ளிக்கூட வேலைக்கு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்த்தி. அதற்காக ஓர் அறை உண்டு. விவரம் கேட்கப் போன அன்று பியூன் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் இரண்டு ஆணி. கதவில் பழைய பூட்டு. சாவியை அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னார். துருப்பிடித்து இறுகியிருந்தது, திரும்பவில்லை. "குடுங்கம்மா" என்று அவரே வாங்கித் திறந்தார். ஆனாலும் அரை நிமிஷம் அந்தச் சாவி அவள் கையில் இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதும் உள்ளங்கையில் அந்தக் கனம் இருந்தது. அந்த அறை தனக்கு வேண்டும் என்று ஞானபாக்கியம் ஆசைப்பட்டாள். வாயைத் திறந்து கேட்காவிட்டாலும், பிறந்ததிலிருந்து அவள் தானாக ஆசைப்பட்ட முதல் பொருள் அதுதான்.

1987 மே மாதம் கடிதம் வந்தது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும், தாங்களே செய்த கைவேலைப் பொருள் ஒன்றைக் கொண்டுவரவும், எதிரில் செய்து காட்ட வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் பிளாஸ்டிக் ஒயர் கூடைப் பைத்தியம் பிடித்திருந்தது. பேருந்தில் ஏறினால் ஆளுக்கொரு ஒயர் கூடை; ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் கையில் பாதி முடிந்த கூடை. பொருள் என்றால் அது ஒயர் கூடைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"சனி ஞாயிறு ரெண்டு நாளு நம்ம தோப்புக்கு வந்துருங்க. அவியள மதுரைக்கு அனுப்பி வச்சிட்டேன். ரெண்டே நாளுல இவளக் கூடை போட வச்சிருவோம்" என்றாள் அழகுத்தாய். அவியள் என்பது அவள் புருஷன் காளிராஜ். அவருக்குக் கூமாப்பட்டிப் பக்கம் மாந்தோப்பும் அதில் ஓட்டு வீடும் இருந்தன. தன்னை வீட்டைவிட்டு அனுப்பியதில் அவருக்கும் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், சொன்னவுடன் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை நால்வரும் வத்திராயிருப்பு பஸ்ஸில் போய், அங்கிருந்து டவுன் பஸ் மாறி, பதினோரு மணிக்குத் தோப்பில் இறங்கினார்கள். நீல ஒயர் இரண்டு கட்டு, வெள்ளை ஒரு கட்டு. சேவு ஒரு பொட்டலம், பால்கோவா ஒரு பொட்டலம். சுந்தரம்மாள் மூன்று பிள்ளைகளையும், அங்காளம்மாள் நான்கு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டு வந்திருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் இரண்டு பேரும் வீட்டைவிட்டு வெளியே தங்குவது பிரசவத்துக்கு அடுத்து இதுதான்.

பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அழகுத்தாய் பாடம் ஆரம்பித்தாள்.

"இது ஓடுற ஒயரு. இது வெட்டுன ஒயரு. வெட்டுனத ரெண்டா மடக்கு. ஓடுறத இப்படி வளைச்சு, இதுக்குள்ள விட்டு, இந்தப் பக்கம் எடுத்து இழு. அம்புட்டுதான். எங்க, போடு."

ஞானபாக்கியம் மடக்கினாள், வளைத்தாள், விட்டாள், இழுத்தாள். முடிச்சு விழவில்லை. ஒயர் உருவிக்கொண்டு கையோடு வந்தது.

"அந்தப் பக்கம் இல்லட்டி. குடு இங்க" என்று அழகுத்தாய் வாங்கி முடிச்சைப் போட்டாள். "பாத்தியா. இப்ப அடுத்தது."

அடுத்ததும் உருவியது. இந்த முறை அங்காளம்மாள் கை நீட்டினாள். "குடு இங்க. இது கோணலா வருது பாரு." கோணலைக் கண்டால் அங்காளம்மாளுக்கு மூச்சு முட்டும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரருடைய சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டு வந்தவள் அவள்.

மூன்றாவது முடிச்சை சுந்தரம்மாள் வாங்கினாள். நான்காவது மறுபடி அழகுத்தாய். பன்னிரண்டு மணிக்கு ஞானபாக்கியத்துக்கு ஒயர் வெட்டும் வேலை கொடுக்கப்பட்டது. அளவு ஒரு விரல் கூடக் குறைய வந்ததால் கத்தரிக்கோலை அங்காளம்மாள் வாங்கிக்கொண்டாள். பிறகு மாங்காய் நறுக்கும் வேலை. பத்தை பெரிசாக இருந்ததால் அரிவாள்மணையை அழகுத்தாய் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் நான்கு மணிக்கு ஞானபாக்கியத்திடம் மிஞ்சியிருந்தது ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை. அதை அவள் நன்றாகச் செய்தாள். எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று பேரும் ஊர்க் கதை பேசிக்கொண்டே போட்டார்கள். யார் மகள் யாரோடு போனாள், எந்த டீச்சர் பென்ஷன் வாங்குகிறார், அழகுத்தாயின் நாத்தனார் எதற்குக் கோபித்துக்கொண்டு போய் எதற்குத் திரும்பி வந்தாள். பேச்சு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. அவர்கள் கூட இருப்பது ஞானபாக்கியத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே சமயம் திங்கள்கிழமையை நினைத்துப் பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவளுக்குப் பழக்கமானதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் அவள் தோப்பில் உட்கார்ந்திருக்க, காலை பத்து மணிக்குக் கூடை முடிந்தது. நீலத்தில் வெள்ளைக் கட்டம். நான்கு மூலையும் நிமிர்ந்து நின்றன. இரண்டு கைப்பிடி. அங்காளம்மாள் அதைப் பாயில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, இடம் மாற்றி வைத்தாள்.

"பாக்கியம், என்னமா போட்டுட்ட" என்றாள் சுந்தரம்மாள்.

கேலிக்குச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னாள். மற்ற இரண்டு பேரும் மனசார ஆமோதித்தார்கள். ஞானபாக்கியம் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் கூடையை அவள்தான் போட்டாள் என்று மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தையல் நோட்டையும் இப்படித்தான் நம்பியிருப்பார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாளைக்கு அங்க வச்சுப் போடச் சொன்னா?" என்று கேட்டாள்.

"கூடையக் காமி. இதப் பாத்த பொறவு எவ கேப்பா?"

"கேட்டா?"

"நான் வேணா கூட வாரேன்" என்றாள் அங்காளம்மாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டதும் மூவரும் செத்த நேரம் கண் அசந்தார்கள். பிள்ளைகள் இல்லாத மத்தியானத் தூக்கம் லேசில் கலையக்கூடியதல்ல. ஞானபாக்கியத்துக்குத் தூக்கம் வரவில்லை. மிச்சத் துண்டுகளை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் உருவியது. நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் எதிரில் இதேபோல உருவும். பியூன் வந்து அறையை வேறு யாருக்காவது திறந்து காட்டுவார். மதினி, "போகட்டும் தாயி, நீ உக்காரு" என்பாள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள்.

பிறகு கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முடிச்சு எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று ஓரத்தில் செருகியிருந்த ஒரு நுனியை உருவி, முடிச்சைத் தளர்த்தினாள். எந்த வழியாக ஒயர் உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று முடிச்சு நின்று காட்டியது. யாரும் வேகமாகப் போட்டு, "பாத்தியா" என்று கேட்கவில்லை. அதை முழுசாக அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். விழுந்தது. மறுபடி அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். விழுந்தது. அடுத்ததை அவிழ்த்தாள்.

மூன்று மணிக்கு அழகுத்தாய் கண் விழித்தபோது கூடை இல்லை. ஞானபாக்கியத்துக்கு முன்னால் நெளிநெளியாக ஒயர்க் குவியல் கிடந்தது.

அழகுத்தாய் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். அவிழ்த்தாள். மறுபடி முடிந்தாள்.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"பிரிச்சிட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

சத்தத்தில் மற்ற இருவரும் எழுந்தார்கள். சுந்தரம்மாள் வாட்சைப் பார்த்தாள். "நாலரைக்கு பஸ்ஸு. ஒண்ணரை மணி நேரம் இருக்கு. மூணு பேரும் உக்காந்தா பாதிக்கு மேல வந்துரும். குடு இங்க."

மூன்று கைகள் நீண்டன. ஞானபாக்கியம் ஒயர்க் குவியலை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"தரமாட்டேன்" என்றாள்.

முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. அதனால் நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

மூலையில் சாக்கு விரித்து மாங்காய் கொட்டி வைத்திருந்தது. ஞானபாக்கியம் எழுந்து போய் ஆறு மாங்காய் பொறுக்கி வந்தாள். ஆளுக்கு இரண்டு.

"பிடிங்க. கைக்கு ஒண்ணு."

"இது எதுக்குட்டி?" என்றாள் அங்காளம்மாள்.

"நான் போட்டு முடிக்கிற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது."

வாங்கிக்கொண்டார்கள். நல்ல பெரிய கிளிமூக்கு மாங்காய்; ஒரு கைக்கு ஒன்றுக்கு மேல் வேறு எதையும் பிடிக்க இடம் இருக்காது. மூன்று குடும்பஸ்திரீகள் ஆளுக்கு இரண்டு மாங்காயோடு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஞானபாக்கியம் முதல் முடிச்சைப் போட்டாள்.

அது விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அங்காளம்மாளின் மாங்காய் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது, பின்னால் போனது. மூன்றாவது கோணலாக விழுந்தது. அங்காளம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடில விடு, அடில" என்றாள் சுந்தரம்மாள்.

"வாயையும் பிடிச்சுக்க" என்றாள் ஞானபாக்கியம்.

"வாய்க்கு மூணாவது மாங்கா வேணுமே."

யாரும் சிரிக்கவில்லை. அழகுத்தாயால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாங்காயோடு எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். ஒவ்வொரு முடிச்சும் விழுவதற்குள் ஒரு வீட்டுக் கல்யாணமே முடிந்துவிடும் போல அவளுக்கு இருந்தது. பிரித்த ஒயர் ஏற்கெனவே நெளிந்திருந்ததால், பழைய முடிச்சு விழுந்த இடமெல்லாம் புதிய முடிச்சுகளுக்கு நடுவில் மேடாகத் துருத்திக்கொண்டு நின்றது. நாலரை மணி பஸ் ஆரன் அடித்துவிட்டுப் போயிற்று. நால்வரும் கேட்டார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

அடிப்பாகம் முடிந்து முதல் மூலை மடங்கியபோது, "நாங்க ஒனக்கு ஒண்ணும் செய்யலியாட்டி?" என்று அங்காளம்மாள் கேட்டாள். கையில் மாங்காய் இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஞானபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் செஞ்சீக. அதான் எனக்கு ஒண்ணும் தெரியல." அடுத்த ஒயரை மடக்கிக்கொண்டே, "கோபம் இல்லட்டி" என்றாள். உண்மையிலேயே அவளுக்குக் கோபம் இல்லை. இந்த மூன்று பேரையும்விட அவளுக்கு வேண்டியவர்கள் யாரும் கிடையாது. அதனால்தான் இதற்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

ஆறு மணி பஸ்ஸுக்குள் அடியும், மேலே மூன்று வரிசையும் முடிந்திருந்தன. ஒரு மூலை மற்ற மூன்றோடு ஒத்துப்போகவில்லை. அழகுத்தாய் திரும்பி நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "கூடையாத்தான் இருக்கு" என்றாள். மாங்காயைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீட்டி மடக்கினாள்.

திங்கள்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் ஞானபாக்கியத்தோடு இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இரண்டு பேர் மடியிலும் முழுக்கூடை, பேப்பர் சுற்றி. அவள் மடியில் பாதிக்கூடை, நான்கு பக்கமும் ஒயர் தொங்கிக்கொண்டு. மற்ற இருவரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். கடைசியில் அவளைக் கூப்பிட்டார்கள்.

பெரிய டீச்சர் பெயர் பரிபூரணம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூடையைப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பழைய ஒயரா இது?"

"பிரிச்சது, டீச்சர்."

"ஏன் பிரிச்சீங்க?"

"முன்னாடி இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது நான் போட்டதில்ல."

பெரிய டீச்சர் ஃபைலைப் புரட்டினார். "கைத்தொழில் முதல் பரிசுன்னு சர்டிபிகேட் இருக்கே."

"அதுவும் நான் போட்டதில்ல, டீச்சர்."

"அப்ப நீங்க போட்டதுதான் எது?"

ஞானபாக்கியம் விரலால் காட்டினாள். "இந்த அடி. இந்த மூணு வரிசை. நேத்து மூணு மணியில இருந்து."

சொல்லிவிட்டதும் அறை போய்விட்டது என்றே நினைத்தாள். பெரிய டீச்சர் நாற்காலியைக் காட்டினார். "போடுங்க. பார்ப்போம்."

அவள் நான்காவது வரிசையை ஆரம்பித்தாள். பெரிய டீச்சரும் வீட்டில் ஒயர் கூடை போடுகிறவர் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதல் முடிச்சுக்கு நாற்காலி நுனிக்கு வந்தார். இரண்டாவதுக்கு மேஜையில் விரலைத் தட்டினார். மூன்றாவது முடிச்சு உருவிக்கொண்டு வந்தபோது அவர் கை தானாக நீண்டது.

"இங்க குடுங்கம்மா, நான்..."

"செத்த பொறுங்க டீச்சர். நானே போடுறேன்" என்றாள் ஞானபாக்கியம், தலையை நிமிர்த்தாமல்.

நீண்ட கை நடுவழியில் நின்றது. அதை வெறுமனே திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டு பேப்பர் வெயிட்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முடிச்சு விழுந்தது. பன்னிரண்டு முடிச்சு விழும் வரைக்கும் அதை அவர் கீழே வைக்கவில்லை.

"முன்னாடி வந்த ரெண்டு பேரு கூடையும் நான் வழக்கமா ஒயர் வாங்குற கடையில வாங்கினது" என்றார் கடைசியில். "ஒரு முடிச்சுப் போடச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் தெரியல. உங்களுக்கும் ஒரு முடிச்சுதான் தெரியும் போல."

"ஆமா, டீச்சர். ஒண்ணு தெரியும்."

"ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள இன்னும் நாலு படிச்சுக்கங்க" என்று சொல்லி மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அதனால் பள்ளிக்கூடத்துக்குள் வராமல் வாசலோடு நின்றுவிட்டார்கள். சுந்தரம்மாள் லீவு போட்டிருந்தாள். ஞானபாக்கியம் உள்ளங்கையைத் திறந்து சாவியைக் காட்டினாள். அழகுத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

நால்வரும் விடுதிப் பக்கம் போனார்கள். பூட்டு முன்பு இருந்தபடியே இறுகியிருந்தது. ஞானபாக்கியம் சாவியை விட்டுத் திருப்பினாள். அசையவில்லை. வெளியே எடுத்து, ஊதி, மறுபடி விட்டாள். அசையவில்லை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அங்காளம்மாள் உதட்டைக் கடித்திருந்தாள்.

மூன்றாவது தடவையும் திரும்பவில்லை. நான்காவது தடவை திறந்தது.

உள்ளே போனதும் அங்காளம்மாள் கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

"கட்டிலு கோணலாக் கெடக்கு. நேராப் போடட்டுமாட்டி?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஞானபாக்கியம் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.